நான்கு குரலில் ஒரு பாட்டு
கிராமத்துப் பாடகர் குழாங்களுக்கான ஆரம்பப் பாடம்

எமது கிராமங்களிலே பாட்டு இல்லாத கூட்டம் இல்லை. ஆலய வழிபாடாயினும், மாதர் சங்கக் கூட்டமாயினும், முன்பள்ளி விழாவாயினும் ஒரு பாட்டோடுதான் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பாட்டை உண்மையில் எத்தனை பேர் பாடுகின்றனர் என்று சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஆர்மோனியக்காரர் தமக்கு வசதியான சுருதியில் தொடங்குகிறார். உயர்ந்த குரலுள்ள நாலைந்து பெண்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றனர். தாழ்ந்த குரலுள்ள பெண்கள் இரண்டாம் அடியிலேயே வாயசைக்கத் தொடங்கி விடுகின்றனர். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி முணுமுணுக்கின்றனர். குரல் உடையும் வயதுப் பையன்களோ கடைசி வாங்கில் மௌனமாக நிற்கின்றனர். சில வருடங்கள் சென்றதும் இவர்கள் எல்லோரும் "எனக்குக் குரல் இல்லை" என்று தாமாகவே முடிவு செய்து விடுகின்றனர்.

இவர்களிற் பெரும்பாலானோருக்குக் குரல் இருக்கிறது. அந்தக் குரலுக்கு ஏற்ற வரியைத்தான் எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே மெட்டை எல்லோரும் ஒரே உயரத்திற் பாட வேண்டும் என்று கேட்பது, உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் ஒரே அளவிற் சட்டை தைப்பது போன்றது. நால்குரல் இசை என்பது இந்தக் குறையைத் தீர்க்க எழுந்த ஒரு வழி. இதை மேல்நாட்டாரின் அலங்காரம் என்றோ, பட்டணத்துப் பெரிய ஆலயங்களுக்கு மட்டும் உரியது என்றோ ஒதுக்கத் தேவையில்லை. சரிகமபதநி தெரிந்த எவரும் அதன் அடிப்படையைக் கற்கலாம். இப்பாடத்திலே அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இம்முறை வந்த வழி

பலர் சேர்ந்து வெவ்வேறு சுரங்களிற் பாடும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'மூசிக்கா என்கிரியாடிஸ்' என்னும் லத்தீன் நூல், ஒரு மெட்டுக்குக் கீழே அதே மெட்டை ஐந்து சுரம் தள்ளிப் பாடும் முறையை விவரிக்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் குரல்கள் ஒன்றையொன்று பின்பற்றுவதை விட்டுத் தனித்தனி வழியிற் செல்லக் கற்றன. நான்கு குரல் என்ற அமைப்பும் மெல்ல நிலைபெற்றது.

எனினும் ஒரு சிக்கல் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டிற் கூட, மெட்டு பெரும்பாலும் ரெனர் என்னும் ஆண் குரலில், நடுவே மறைந்து கிடந்தது. பயிற்சி பெற்ற குழாம் அழகாகப் பாடும். சபையாருக்கோ மெட்டு எது என்றே பிடிபடாது. 1586 இல் லூக்காஸ் ஒசியாண்டர் என்ற ஜேர்மனியர், 50 பாடல்களையும் சங்கீதங்களையும் கொண்ட ஒரு நூலை வெளியிட்டார். அதில் அவர் மெட்டை மேற்குரலுக்கு மாற்றி, மற்ற மூன்று குரல்களையும் அதன் கீழே ஒரே தாளத்தில் நடக்க வைத்தார். சபையார் யாவரும் சேர்ந்து பாட வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்று நாம் ஞானப்பாட்டுகளைப் பாடும் நால்குரல் அமைப்பு இவ்வழியே வந்தது. 1723 முதல் 1750 வரை லைப்சிக் நகரில் ஆலய இசைக்குப் பொறுப்பாயிருந்த ஜோஹான் செபஸ்தியன் பாக், இந்த அமைப்பை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றார். இன்றும் உலகெங்கும் மாணவர்கள் இக்கலையைக் கற்பது அவர் அமைத்த பாடல்களைப் பார்த்தே.

இதைக் கிராமங்களுக்குக் கொண்டு வந்தது வேறொரு முயற்சி. இங்கிலாந்தின் நொறிச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, கோடுகளும் புள்ளிகளும் இல்லாமல் எழுத்துக்களாலேயே பாட்டை எழுதும் முறை ஒன்றை வகுத்து, 1835 இல் நூலாக்கினார். ஜோன் கேர்வன் என்ற போதகர் அதைத் திருத்தி 'ரொனிக் சொல்பா' என்ற பெயரிற் பரப்பினார். எமது சரிகமபதநி போலவே அதுவும் எழுத்தால் எழுதப்படுவது. விலையுயர்ந்த நூலோ வாத்தியமோ தேவையில்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். மிஷனரிமார் அதைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றனர். தென்னாபிரிக்காவில் மிஷன் பாடசாலை ஆசிரியராயும் பாடகர் குழாத் தலைவராயும் இருந்த ஈனொக் சொன்ரொங்கா, 1897 இல் தம் மாணவருக்காக 'என்கோசி சிகெலேல் ஈ ஆபிரிக்கா' என்ற நால்குரற் பாடலை அந்த எழுத்து முறையிலேயே இயற்றினார். விடுதலைப் போராட்ட காலம் முழுவதும் மக்கள் அதைப் பாடினர். 1997 முதல் அது தென்னாபிரிக்காவின் தேசிய கீதத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. ஓர் ஆசிரியர் கரும்பலகையில் எழுதக்கூடிய பாட்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு இது போதிய சான்று.

2. நான்கு குரல்களும் அவற்றின் எல்லைகளும்

எழுதத் தொடங்குமுன் யாருக்காக எழுதுகிறோம் என்பதை அறிய வேண்டும். பெண் குரலில் உயர்ந்தது சொப்ரானோ, தாழ்ந்தது அல்ரோ. ஆண் குரலில் உயர்ந்தது ரெனர், தாழ்ந்தது பேஸ்.

ஆர்மோனியத்தில் 1 கட்டைச் சுருதி வைத்துக்கொள்வோம். மேல்நாட்டார் 'மிடில் சி' என்று சொல்லும் கட்டையே எமது நடுச் 'ச'. அதற்கு மேலுள்ள ஸ்தாயியை 'மேல்' என்றும், கீழுள்ளதைக் 'கீழ்' என்றும், அதற்கும் கீழுள்ளதை 'அடி' என்றும் குறிப்போம். வழக்கமான எல்லைகள் வருமாறு:

சொப்ரானோ: நடு ச முதல் மேல் ப வரை
அல்ரோ: கீழ் ப முதல் மேல் ச வரை
ரெனர்: கீழ் ச முதல் நடு ப வரை
பேஸ்: அடி ம முதல் நடு ச வரை

இவை பழகிய குரலுக்கான எல்லைகள். புதிதாகத் தொடங்கும் குழாத்துக்குச் சொப்ரானோவை மேல் க வுக்கு மேலே ஏற்றாதீர்கள். பேஸை அடி ப வுக்குக் கீழே இறக்காதீர்கள். எவரும் தம் எல்லையின் ஓரத்தில் நெடுநேரம் நிற்கக்கூடாது. ஓரத்தைத் தொட்டுவிட்டு நடுவுக்குத் திரும்புவதே குரலுக்கு நலம்.

ஒருவர் எந்தக் குரல் என்பதைக் கண்டுபிடிக்க, அவரை நன்கு தெரிந்த ஒரு பாட்டைத் தனியே பாட விடுங்கள். பின் அதையே ஒவ்வொரு கட்டையாக ஏற்றியும் இறக்கியும் பாடச் செய்யுங்கள். எங்கே முகம் சுளிக்கிறதோ, கழுத்து நரம்பு புடைக்கிறதோ, அங்கே அவர் எல்லை வந்துவிட்டது. குரல் உடையும் பையன்களை விலக்கி வைக்க வேண்டாம். அவர்களுக்கு அந்தக் காலத்தில் ஐந்தாறு சுரங்களே வசதியாக இருக்கும். பல பாடல்களில் ரெனர் வரி அந்த அளவுக்குள்ளேயே அடங்கும். அதை அவர்களுக்குக் கொடுங்கள்.

3. மூன்று சுரக்கூட்டுகள்

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேல்நாட்டாரின் மேஜர் ஸ்கேலும் ஒன்றே. அந்த ஏழு சுரங்களில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றைச் சேர்த்தால் ஒரு சுரக்கூட்டு கிடைக்கும். கிற்றார் வாசிப்போர் 'கோட்' என்பது இதையே. ஆரம்பத்துக்கு மூன்று கூட்டுகள் போதும்:

முதற் கூட்டு: ச – க – ப
நான்காம் கூட்டு: ம – த – ச
ஐந்தாம் கூட்டு: ப – நி – ரி

எந்தச் சுரத்தில் தொடங்குகிறதோ அதுவே கூட்டின் வேர். ஏழு சுரங்களில் எதை எடுத்தாலும் அது இம்மூன்றில் ஏதாவது ஒன்றில் இருப்பதைக் கவனியுங்கள். க வந்தால் முதற் கூட்டு. ம, த வந்தால் நான்காம் கூட்டு. ரி, நி வந்தால் ஐந்தாம் கூட்டு. ச மட்டும் முதலாவதிலும் நான்காவதிலும், ப மட்டும் முதலாவதிலும் ஐந்தாவதிலும் உண்டு. ஆகவே இம்மூன்று கூட்டுகளாலேயே ஓர் எளிய மெட்டு முழுவதையும் தாங்கிவிடலாம்.

முதற் கூட்டு வீடு. ஐந்தாம் கூட்டு வீட்டுக்குத் திரும்பத் துடிக்கும் இடம். ஏனெனில் அதிலுள்ள நி, மேலே உள்ள ச வை நோக்கி இழுக்கிறது. நான்காம் கூட்டு வீட்டை விட்டுப் புறப்படும் இடம். பாட்டு முடியும்போது ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தால் அது முற்றுப்புள்ளி. அடியின் நடுவே ஐந்தில் நின்றால் அது காற்புள்ளி. நான்கிலிருந்து ஒன்றுக்கு வருவதை நாம் எல்லோரும் பாட்டின் கடைசி 'ஆமென்' இலே கேட்டிருக்கிறோம்.

கூட்டில் மூன்று சுரம், குரலோ நான்கு. ஆகவே ஒரு சுரம் இரட்டிக்க வேண்டும். வழக்கமாக வேரை இரட்டியுங்கள். நி யை மட்டும் ஒருபோதும் இரட்டிக்க வேண்டாம். இரண்டு பேரிடம் நி இருந்தால் இருவரும் ச வுக்கே செல்ல விரும்புவர். இரண்டு குரல் ஒன்றாகிவிடும். கூட்டின் நடுச் சுரத்தை விட்டுவிடவும் வேண்டாம். அதுதான் கூட்டுக்கு நிறம் தருவது. தேவையானால் மூன்றாவது சுரத்தை விடலாம்.

4. எழுதும் ஒழுங்கு

பலர் முதலிற் சொப்ரானோவை எழுதி, அதன் கீழ் அல்ரோ, அதன் கீழ் ரெனர் என்று மேலிருந்து கீழாக இறங்குவர். கடைசியில் பேஸுக்கு மிச்சமுள்ள சுரம் கிடைக்கும். அது பாட முடியாததாக இருக்கும். சரியான ஒழுங்கு இது:

(அ) மெட்டை எழுதுங்கள். அடி எங்கே முடிகிறது, மூச்சு எங்கே வருகிறது என்று குறியுங்கள்.
(ஆ) ஒவ்வொரு சுரத்தின் கீழும் கூட்டின் எண்ணை எழுதுங்கள். முடிவிலிருந்து தொடங்குவது இலகு: கடைசி 1, அதற்கு முந்தியது 5.
(இ) அடுத்துப் பேஸ் வரியை எழுதுங்கள். இப்போதைக்கு ஒவ்வொரு கூட்டிலும் வேர்ச் சுரமே பேஸுக்கு.
(ஈ) மெட்டையும் பேஸையும் மட்டும் இருவர் பாடிப் பாருங்கள். வெளிச் சுவர்கள் இரண்டும் உறுதியாக நின்றால்தான் உள்ளறை கட்டலாம்.
(உ) பின் அல்ரோவையும் ரெனரையும் நிரப்புங்கள்.

5. காக்க வேண்டிய விதிகள்

விதிகள் பல உண்டு. அவை எல்லாம் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை: ஒவ்வொரு குரலும் தன் காலில் நிற்க வேண்டும், அதைப் பாடுபவருக்கு அது பாடக்கூடிய வரியாக இருக்க வேண்டும்.

முதலாவது: கிட்டிய சுரத்துக்கே செல்லுங்கள். இரண்டு கூட்டுக்கும் பொதுவான சுரம் இருந்தால் அதை வைத்திருப்பவர் அங்கேயே நிற்கட்டும். மற்றவர்கள் ஒரு படி ஏறட்டும் அல்லது இறங்கட்டும். நெடுந்தூரம் பாயும் வரியை வாத்தியம் இல்லாமற் பிடிப்பது கடினம்.

இரண்டாவது: மெட்டு ஏறும்போது பேஸ் இறங்கவும், மெட்டு இறங்கும்போது பேஸ் ஏறவும் முடிந்த இடமெல்லாம் எழுதுங்கள். எதிர்த்திசையிற் செல்லும் இரு குரல்களைக் காது இரண்டாகவே கேட்கும்.

மூன்றாவது: இரு குரல்கள் எட்டாம் இடைவெளியிலோ ஐந்தாம் இடைவெளியிலோ நின்று, அதே இடைவெளியுடன் ஒரே திசையில் அடுத்த சுரத்துக்குச் செல்லக்கூடாது. இதை இணை எட்டு, இணை ஐந்து என்பர். புதியவர் அதிகம் வழுக்கும் இடம் இதுவே. காரணத்தை அறிந்தால் மறக்காது. ச வுக்கும் மேல் ச வுக்கும் அதிர்வு விகிதம் 1:2. ச வுக்கும் ப வுக்கும் 2:3. தம்பூராவில் ச வும் ப வும் ஒன்றோடொன்று கரைவதை நாம் அறிவோம். அவ்வளவு நெருங்கிய உறவுள்ள இரு குரல்கள் சேர்ந்தே நடந்தால், காது அவற்றை ஒரே குரலின் தடிப்பாகக் கேட்கும். நான்கு பேர் பாடியும் மூன்று பேர் பாடுவது போலாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் வேண்டுமென்றே அப்படிப் பாடினர் என்று மேலே கண்டோம். கிற்றார் இசையிலும் அது இன்று உண்டு. ஆகவே இது இயற்கையின் சட்டம் அன்று. நான்கு தனிக் குரல் வேண்டுமென்றால் மட்டும் இது விதி.

இவ்வழு நான்காம் கூட்டிலிருந்து ஐந்தாம் கூட்டுக்குச் செல்லும்போதே பெரும்பாலும் வருகிறது. பேஸ் ம விலிருந்து ப வுக்கு ஏறும். மற்ற மூவரும் அதோடு ஒரு படி ஏறினால் ரெனரின் ச – ரி இணை ஐந்தாகவும், அல்ரோவின் ம – ப இணை எட்டாகவும் விழும். திருத்தம் எளிது. பேஸ் ஏறட்டும், மற்ற மூவரும் இறங்கட்டும்: சொப்ரானோ த – ப, அல்ரோ ம – ரி, ரெனர் ச – கீழ் நி.

நான்காவது: மெட்டில் வரும் நி அடுத்த கூட்டு 1 ஆயின் ச வுக்கே ஏற வேண்டும்.

ஐந்தாவது: சொப்ரானோவுக்கும் அல்ரோவுக்கும், அல்ரோவுக்கும் ரெனருக்கும் இடையே ஒரு ஸ்தாயிக்கு மேல் இடைவெளி வேண்டாம். ரெனருக்கும் பேஸுக்கும் இடையே அதிகம் இருக்கலாம். தாழ்ந்த சுரங்கள் நெருங்கி நின்றால் ஒலி கலங்கி மங்கும். அல்ரோ சொப்ரானோவுக்கு மேலே செல்லவும் வேண்டாம். சபையார் அதையே மெட்டு என்று எண்ணிப் பின்தொடர்வர்.

6. ஓர் உதாரணம்

எட்டுச் சுரம் கொண்ட ஒரு சிறு மெட்டை எடுப்போம். ஒவ்வொரு சுரமும் ஓர் அட்சரம். பெயருக்கு முன் எதுவும் இல்லாத சுரம் நடு ஸ்தாயி.

சொப்ரானோ: ப – த – ப – மேல்ச | த – ப – நி – மேல்ச
அல்ரோ: க – ம – க – ப | ம – க – ப – ப
ரெனர்: ச – ச – ச – க | ச – ச – ரி – க
பேஸ்: கீழ்ச – கீழ்ம – கீழ்ச – கீழ்ச | கீழ்ம – கீழ்ச – அடிப – கீழ்ச
கூட்டு: 1 – 4 – 1 – 1 | 4 – 1 – 5 – 1

இனி ஒவ்வொரு வரியையும் தனியே பாடிப் பாருங்கள். ரெனருக்கு முதல் மூன்று அட்சரமும் ச தான். அது ஒன்றுக்கும் நான்குக்கும் பொதுவான சுரம் என்பதால் அவரை அசைக்கவில்லை. அல்ரோவுக்கு க, ம, ப ஆகிய மூன்றே சுரம். சுருதி பிடிக்கத் தயங்கும் பெண்ணும் இதைப் பாடலாம்.

நான்காம் அட்சரத்திலிருந்து ஐந்தாவதுக்குச் செல்லுமிடத்தைப் பாருங்கள். மேல் மூன்று குரல்களும் இறங்குகின்றன, பேஸ் ஏறுகிறது. ஆறாவதிலிருந்து ஏழாவதுக்கு அதன் மறுதலை: மேல் மூன்றும் ஏறுகின்றன, பேஸ் அடி ப வுக்கு இறங்குகிறது. அங்கே பேஸ் கீழ் ப வுக்கு ஏறியிருந்தால் நான்கு குரலும் ஒரே திசையில் ஓடி, முடிவு தன் பலத்தை இழந்திருக்கும். கடைசியில் சொப்ரானோவின் நி மேல் ச வுக்கு ஏறுகிறது. ரெனரின் ரி, க வுக்கு ஏறுகிறது. அல்ரோ ப விலேயே நின்று இரண்டு கூட்டையும் பிணைக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எவருக்கும் இயலாத வேலை இல்லை.

7. எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. இதை அழுத்திச் சொல்வது அவசியம். நால்குரல் இசை நேராக நிற்கும் சுரங்களை வைத்துக் கட்டப்படுவது. எமது இராக இசையிலோ சுரம் அசைகிறது. தோடியின் காந்தாரத்தைக் கமகத்தோடு பாடும்போது அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதற்குக் கீழே மூன்று குரலை நிறுத்தினால் ஒன்றில் இராகம் கெடும் அல்லது குரல்கள் மோதும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் வழிவந்த கீர்த்தனைகள் பல இவ்வகை. அவற்றின் அழகு ஒரே வரியின் வளைவுகளில் இருக்கிறது. அவற்றுக்கு நால்குரல் எழுதுவது முன்னேற்றம் ஆகாது. தாழ்ந்த குரலுள்ளோரைச் ச வையும் ப வையும் மெல்லச் சுருதியாக இசைக்கச் செய்யுங்கள். அவர்களுக்கும் பங்கு கிடைக்கும், இராகமும் காக்கப்படும்.

சங்கராபரணத்தில் நேராகச் செல்லும் மெட்டுகளே நால்குரலுக்கு மிக உகந்தவை. முத்துஸ்வாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தபோது அவை சங்கராபரணத்திலேயே அமைந்தன. மோகனத்தில் ம வும் நி யும் இல்லை. நான்காம் கூட்டை எழுதினால் ம வும், ஐந்தாம் கூட்டை எழுதினால் நி யும் உள்ளே புகும். கேட்பவர் காதில் மோகனம் கலையும். அரிகாம்போதியில் நி ஒரு கட்டை தாழ்ந்திருப்பதால் அது ச வை நோக்கி அவ்வளவு இழுக்காது. 5 – 1 என்ற முடிவு அங்கே வலுவற்றது. 4 – 1 என்ற முடிவே அங்கு பொருந்தும். எந்த மெட்டுக்கும் எழுதுமுன் அதைத் தனியே பாடிப் பார்த்து, சுரம் நிற்கிறதா, அசைகிறதா என்று கேளுங்கள்.

8. பழக்கும் முறை

நான்கு வரியையும் ஒரே நாளில் ஒரே இடத்திற் பழக்க முயல்வது வீண். முதலில் எல்லோருக்கும் மெட்டைச் சொல்லிக்கொடுங்கள். அதன் பின் பேஸ் குரலினரை ஒரு மர நிழலுக்கும், அல்ரோவை மறு மூலைக்கும் அனுப்பித் தம் வரியை வார்த்தை இல்லாமற் சுரமாகவே பாடச் செய்யுங்கள். சேர்க்கும்போது முதலிற் சொப்ரானோவும் பேஸும், அவை உறுதியானதும் அல்ரோ, கடைசியாக ரெனர். ஒருவர் அடுத்த வரிக்கு வழுக்கினால் அவரைக் கண்டிக்க வேண்டாம். அவர் வரியில் ஒரு பெரிய பாய்ச்சல் இருக்கிறதா என்று எழுதியவரே முதலிற் பார்க்கட்டும்.

ஆர்மோனியத்தில் நான்கு வரியையும் சேர்த்து வாசித்துக்கொண்டே பழக்க வேண்டாம். வாத்தியத்திற் சாய்ந்து பழகிய குழாம் அது இல்லாத இடத்தில் விழுந்துவிடும். சுருதிக்கு ஒரு ச மட்டும் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பாடி முடிந்ததும் மீண்டும் அதே கட்டையைத் தொட்டுப் பாருங்கள். சுருதி எவ்வளவு இறங்கியது என்று குழாத்துக்கே தெரியும். இறங்கியிருந்தால், பெரும்பாலும் ஏறும் படிகளைச் சோம்பலாகப் பாடியிருப்பர்.

நால்குரல் கற்ற குழாங்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. தாம் அழகாகப் பாடுகிறோம் என்ற எண்ணம் வந்ததும் சபையார் கேட்போராகி விடுகின்றனர். பாட்டு மேடைக்குப் போய்விடுகிறது. ஒசியாண்டர் 1586 இல் மெட்டை மேலே கொண்டு வந்ததன் நோக்கத்தை மறவாதீர்கள். முதல் அடியைக் குழாம் நான்கு குரலிற் பாடட்டும். அடுத்த அடியிற் சபையார் மெட்டைப் பாட, குழாம் கீழிருந்து தாங்கட்டும். சபையாரில் எவராவது அல்ரோவின் வரியை அல்லது பேஸின் வரியைத் தாமாகவே முணுமுணுக்கத் தொடங்கினால், அவரை அடுத்த பயிற்சிக்கு அழையுங்கள். குழாம் வளரும் வழி அதுவே.

பயிற்சி

1. கீழ்வரும் மெட்டுக்கு மற்ற மூன்று குரல்களையும் எழுதுக.

மேல்ச – நி – மேல்ச – த | ப – மேல்ச – நி – மேல்ச

கூட்டுகள்: 1 – 5 – 1 – 4 | 1 – 1 – 5 – 1. முதற் கூட்டுக்கு அல்ரோ ப, ரெனர் க, பேஸ் கீழ்ச என்று தொடங்குக.

2. எழுதி முடித்தபின் குரல்களை இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடுக. நான்கு குரலில் ஆறு இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் இணை எட்டோ இணை ஐந்தோ உள்ளதா என்று பார்க்க.

3. உங்கள் குழாத்தில் உள்ள ஒவ்வொருவரின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க. நீங்கள் எழுதிய வரிகள் அந்த எல்லைகளுக்குள் நிற்கின்றனவா என்று சரிபார்க்க.

மூன்றாவது பயிற்சியே முக்கியமானது. முதலிரண்டையும் தாளில் முடித்துவிடலாம். மூன்றாவதுக்கு ஒவ்வொருவரையும் அருகே அழைத்து, பாடச் சொல்லி, பொறுமையோடு கேட்க வேண்டும். இதுவரை கடைசி வாங்கில் நின்றவர்களையும் விட்டுவிடாதீர்கள்.